குறையாத எடை

ஜூலை 8, திங்கள்

இன்று முதல் நான் ஓட்டப் பயிற்சியாளர். வயது நாற்பத்தெட்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் ஏறுகிறேன். ஆனாலும் காலையில் பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியர் நஞ்சப்பன் சார் ஒரு விசிலை என் கையில் திணித்து, நம்ம பள்ளியில் திலகமணி டீச்சருக்குத்தான் பொறுமை அதிகம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். யாராவது என் பொறுமையைப் பாராட்டினால் ஒரு வேலை தலையில் விழப்போகிறது என்பது இருபத்திரண்டு வருட சர்வீஸில் நான் கற்ற பாடம்.

ஒன்றியத்தில் புதுத் திட்டமாம். ‘துள்ளும் பிஞ்சுகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாக் குழந்தைகளுக்கும் உயரம், எடை, ஐம்பது மீட்டர் ஓட்டம் மூன்றையும் அளந்து செல்போன் ஆப்பில் ஏற்ற வேண்டும். பெற்றோருக்கு ஆளுக்கொரு மஞ்சள் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து வாரம் பயிற்சி கொடுத்து ஆகஸ்ட் 13 அன்று அதிகாரி முன்னால் ஓட வைக்க வேண்டும். நன்றாகத் தேறிய பள்ளிக்குக் கேடயம். எங்களிடம் 58 குழந்தைகள், மூன்று ஆசிரியர்கள். விளையாட்டு ஆசிரியர் தொடக்கப்பள்ளிக்குக் கிடையாது. ஓட்டம் மட்டும் உண்டு.

மைதானத்தில் பாதியில் பக்கத்துக் களத்துக்காரர் தேங்காய் மட்டை காயப் போட்டிருக்கிறார். மீதிப் பாதியில் ஓட வேண்டும். வாரம் இரண்டு விளையாட்டுப் பீரியட் இருக்கிறதே, அதில் இதுவரை என்ன செய்தீர்கள் என்று சார் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கணக்குப் போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

பள்ளியின் எடை மெஷினில் யாரும் ஏறாமலே நாலு கிலோ காட்டுகிறது. பேய் நிக்குது டீச்சர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மாளம் போட்டார்கள். வேறு வழியில்லாமல் 58 பேரையும் வரிசையாக நடத்திக்கொண்டு, ரோட்டைத் தாண்டி சுப்பராயனின் தேங்காய்க் குடோனுக்குப் போனேன். அங்கே மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. கொப்பரை மூட்டைகளுக்கு நடுவில் ஒவ்வொருவராக ஏறி நின்றார்கள். சுப்பராயன் நம்பரைச் சொல்லச் சொல்ல நான் லாங் சைஸ் நோட்டில் எழுதினேன்.

இரண்டு மணி நேரம். தும்மித் தும்மி எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர் ஓயாமல் தேங்காய்ச் சில்லு கேட்டார்கள். திரும்பி வரும்போது ரோட்டோரக் கடையில் காரப் பாக்கெட் வாங்க ஒரு கும்பலே நின்றுவிட்டது. எடை போட்டுவிட்டு வருகிற வழியிலேயே அந்தச் சிவப்புத் தூளை நக்கிக்கொண்டு வந்தார்கள். இவர்களைத்தான் நான் துள்ள வைக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

நாலு மணிக்கு ஆப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ஆறரைக்குத்தான் எழுந்தேன்.

போன பிப்ரவரியில் நடந்த முகாமில் எடுத்த எடை ஏற்கெனவே ஆப்பில் இருக்கிறது. இப்போது போடுவது அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடுகிறது. ‘முந்தைய அளவைவிடக் குறைவு, சரிபார்க்கவும்’ என்று எழுத்து வருகிறது. ஒரு கட்டம் சிவப்பாக இருந்தாலும் அந்த வகுப்பின் விவரம் எதுவும் ஏறாது. மூன்று பேருக்குச் சிவப்பு. இரண்டாம் வகுப்பில் இரண்டு பேருக்கு இருநூறு கிராம் குறைவு. இருவரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள். மூன்றாவது என் வகுப்பு, நாலாம் வகுப்பு மிருதுளா. அவளுக்கும் குறைவாகத்தான் காட்டியது.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் உட்காரும் தம்பி சிரித்தான். வளர்ற புள்ளைக்கு எடை எப்படிங்க டீச்சர் குறையும், நீங்கதான் தப்பா எழுதியிருப்பீங்க, முந்தினதுக்கு மேல கொஞ்சம் போட்டு விடுங்க, போயிரும் என்றான். யோசித்தால் அவன் சொல்வதும் சரிதான். மூட்டை போட்டுப் போட்டு அந்தத் தராசும் தளர்ந்திருக்கும். இன்னொரு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு குடோனுக்கு யார் போவது?

மற்ற இருவருக்கும் கொஞ்சம் ஏற்றிவிட்டு மிருதுளாவுக்கு 24 போட்டேன். பச்சை வந்தது.

ஜூலை 15, திங்கள்

மஞ்சள் அட்டை 58ம் எழுதி முடித்தேன். என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் அச்சடித்த மாதிரி இருந்தது.

சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் சுப்பராயனைப் பார்த்தேன். உங்கள் தராசு சரியாகத்தான் காட்டுகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். மனுஷனுக்கு முகமே சுண்டிவிட்டது. நூறு கிராம் தப்பினால் வியாபாரிகள் தன்னைச் சும்மா விடுவார்களா, போன மாதம்தான் முத்திரை போட்டது என்று பஸ் வரும்வரை விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கவே கூடாது.

ஜூலை 18, வியாழன்

வெயிலில் நின்று விசில் ஊதி ஊதித் தலைவலி. பாதிக் குழந்தைகளுக்கு ஓடவே தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் செல்போன், பள்ளிக்கு வந்தால் பெஞ்சு. ஒரு ரவுண்டு ஓடினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் வயதில் நாங்கள் என்று ஆரம்பித்தேன். அந்த வயதில் நான் ஓடியதாக எனக்கே ஞாபகம் இல்லாததால் நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு எரிச்சல் மிருதுளாவின் மேல்தான். போன வருஷ விளையாட்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பையன்களையே பின்னால் தள்ளிய பெண். இவளை நம்பித்தான் கேடயக் கணக்கே போட்டிருந்தேன். இன்று மூன்றாவது ரவுண்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணி வேணும் டீச்சர் என்றாள். குடித்தாள். ஐந்து நிமிடத்தில் கழிப்பறை போக வேண்டும் என்றாள். வந்ததும் மறுபடி தண்ணி. முதலிடம் வாங்கிய பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் வருகிற மிதப்பு இது. இரண்டு ரவுண்டு கூடுதலாக ஓடச் சொன்னேன். நடந்தாள்.

வீட்டில் இவருக்கு மகன் பெங்களூரிலிருந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பியிருக்கிறான். எத்தனை அடி நடந்தோம் என்று காட்டுமாம். தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லியிருக்கிறான். இவர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஏழாயிரம் தாண்டிவிட்டதாம். யாரை ஏமாற்றுகிறீர்கள், உங்களைத்தானே என்று நன்றாகத் திட்டினேன்.

ஜூலை 22, திங்கள்

மழை. பயிற்சி இல்லை. ஏழாம் வாய்பாடு நடத்தினேன். நிம்மதியாக இருந்தது.

ஜூலை 25, வியாழன்

மிருதுளாவின் அம்மா கோகிலா காலையில் வந்தாள். தென்னந்தோப்புகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நூல் மில்லில் வேலை. புருஷன் லாரியில் வடக்கே போனால் மாதக் கணக்கில் வருவதில்லை. அட்டையில் கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள். பாப்பா ரொம்ப மெலிஞ்ச மாதிரி தெரியுதுங்க டீச்சர், பாவாடையெல்லாம் இடுப்புல நிக்க மாட்டேங்குது என்றாள்.

மணி அடித்துவிட்டது, வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. அவள் கையிலிருந்த அட்டையிலேயே விரலை வைத்துக் காட்டினேன். பிப்ரவரியில் 23.2, இப்போது 24. உயரமாகிற பிள்ளைகள் பார்வைக்கு அப்படித்தான் தெரிவார்கள் என்று சொன்னேன். கோகிலா அந்த நம்பரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாளாம், இனி எதற்கு, மில்லுக்கே போய்விடுகிறேன் என்று போனாள்.

லீவு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை என்று சமையல்கார அம்மாவுடன் எனக்குச் சண்டை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதக் கை கூசுகிறது.

ஒரு பீரியடுக்கு ஒரு தடவைதான் வெளியே விடுவது என்று வகுப்பில் சட்டம் வைத்திருந்தேன். மிருதுளாவுக்காகவே வைத்தது. பதினொரு மணிக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாகிறது, அப்புறம் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடை. இன்று வகுத்தல் நடத்தும்போது இரண்டாவது தடவையாகக் கை தூக்கினாள். உட்கார் என்றேன். கொஞ்ச நேரத்தில் பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம். அவள் பாவாடை நனைந்து தரையில் ஓடியது.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு நானே துடைத்தேன். அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயதுப் பெண்ணை வகுப்பு முழுவதும் பார்க்க அப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் எனக்கு ஆறுதல் சொல்லுவதுபோல, பரவால்லீங்க டீச்சர், வீட்டுலயும் இப்படித்தான் ஆகுது என்றாள். தண்ணியைக் குறைத்துக் குடி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கழிப்பறை கழுவும் பழனாத்தாள் ஒரு புகாரோடு வந்தாள். பெண் பிள்ளைகள் பக்கம் பினாயில் போட்டுக் கழுவினாலும் மறுபடி மறுபடி எறும்பு மொய்க்கிறதாம். உள்ளே மிட்டாய் தின்கிறார்கள், எங்கிருந்து வருகிறது என்று பார் என்றேன். மிட்டாய்க் காகிதம் ஒன்றுகூட இல்லீங்களே டீச்சர் என்று முணுமுணுத்தாள். எறும்புக்கெல்லாம் நான் பொறுப்பா? வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒத்திகை. மிருதுளா ஐம்பது மீட்டருக்குப் பதினாறு வினாடி எடுத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே அவளை முந்தியது. போன வருஷம் பத்துக்குள் ஓடியவள். பெயரை எடுத்துவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். ஆப்பில் இருக்கிற பெயர் அத்தனையும் ஓட வேண்டும், ஒருத்தர் குறைந்தாலும் மதிப்பெண் போகும் என்றார்.

அவளைத் தனியாக அழைத்து, ஏன் சாமி இப்படிப் பண்றே, அதிகாரி வர்ற நாளில் என் மானத்தை வாங்கப் போறியா என்று கேட்டேன். ஓடத்தான் டீச்சர் பாக்கறேன், கால்தான் வர மாட்டேங்குது என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. திங்கட்கிழமை கோகிலாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தோரணம், சுண்ணாம்புக் கோடு, அதிகாரிக்கு இளநீர், எல்லாம் நானே. கோகிலாவுக்குச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். நாலாம் வகுப்புப் பெண்கள் ஓடினார்கள். மிருதுளா பாதிக் கோட்டில் நின்றாள், குனிந்து வாந்தி எடுத்தாள், அப்படியே உட்கார்ந்தாள். வெயில் என்றார் அதிகாரி. நான் தூக்கினேன். தூக்க ஒரு சிரமமும் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் நீளமாக, ஆழமாக மூச்சு இழுத்தாள். வாயிலிருந்து அழுகிய பழ வாசனை வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டாள். சார் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மில்லிலிருந்து கோகிலா தலையில் பஞ்சுத் தூசியோடு ஓடி வந்தாள்.

சர்க்கரை ஐநூற்றுப் பன்னிரண்டு. எனக்கு முதலில் புரியவே இல்லை. சர்க்கரை வியாதி என் வீட்டுக்காரரைப் போல வயதான ஆட்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். இளவயது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது மிட்டாய் தின்று வந்ததில்லை, யார் வளர்ப்பும் காரணமில்லை, சில குழந்தைகளுக்கு உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும். தண்ணீர்த் தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, எடை குறைவது, இதெல்லாம்தான் அடையாளம். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

எடை எப்போதிலிருந்து குறைகிறது என்று டாக்டரம்மா கேட்டார்.

"குறையலீங்க டாக்டர்" என்றாள் கோகிலா. "மெலிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. ஆனா பள்ளிக்கோடத்துல எடை போட்டாங்க, ஏறித்தானுங்க இருக்குது. டீச்சரே எழுதிக் குடுத்தாங்க."

பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், வார்டு மெஷினில் எடுத்த எடையைப் பார்த்தார். பதினேழு நானூறு. ஒரே மாதத்தில் ஆறரைக் கிலோவா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பேப்பரில் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

நான் தண்ணீர் பாட்டில் வாங்கிவரக் கீழே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தோம்.

19.6. ஜூலை 10 அன்று குடோன் தராசில் மிருதுளாவுக்கு வந்த எடை அதுதான். சுப்பராயன் இரண்டு தடவை சொன்னார். நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. இருநூறு கிராம் இல்லை, பிப்ரவரியைவிட மூன்று கிலோ அறுநூறு குறைவு.

ஆகஸ்ட் 19, திங்கள்

அன்றிரவே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மிருதுளாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். இனி பயமில்லையாம். ஆனால் ஆயுளுக்கும் தினம் ஊசி. ஒரு மாதம் முன்னால் கூட்டி வந்திருந்தால் ஐசியூ வரைக்கும் வந்திருக்காது என்று அங்கே சொன்னார்களாம். இதைக் கோகிலா போனில் என்னிடமே சொல்லி அழுதாள். தான் கவனிக்காமல் விட்டுவிட்டாளாம், பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா என்றாள். நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன சரி?

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆப் அப்படிக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள், ஒன்றியத்தில் எல்லாப் பள்ளியிலும் இதேதான், குழந்தைதான் பிழைத்துக்கொண்டதே என்றார். அந்த லாங் சைஸ் நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எதற்கு டீச்சர் அது என்றார்.

கேடயத்தில் எங்கள் பள்ளிக்கு இரண்டாம் இடம். ‘எடை முன்னேற்றம்’ என்ற பிரிவில் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது தலையில் அடித்துக்கொண்டேன். ஆப்பின் மேல் கோபம், ஒன்றியத்துத் தம்பியின் மேல் கோபம், சார் மேல் கோபம். அத்தனை பேரையும் திட்டி முடித்த பிறகும் அந்த 24ஐ எழுதியது நான்தான்.

நோட்டைக் கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

மிருதுளா பள்ளிக்கு வந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. விரல் நுனிகளில் குத்திய புள்ளிகள். சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினைப் பென்சில் டப்பா மாதிரி எல்லோருக்கும் காட்டினாள்.

ஊசி காலையும் இரவும் வீட்டில் கோகிலா போட்டுவிடுகிறாள். மத்தியானம் சோற்றுக்கு முன்னால் பள்ளியில் சர்க்கரை பார்த்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசியின் அளவை ஏற்றுவார், இறக்குவார். இருநூற்றைம்பதுக்கு மேலோ எழுபதுக்குக் கீழோ போனால் உடனே மில்லுக்குப் போன் செய்ய வேண்டும். கோகிலா அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

"நீங்களே எழுதிருங்க டீச்சர். எனக்கு நம்பரு தடுமாறும். நீங்க எழுதுனா தப்பு வராதுங்க."

வாங்கிக்கொண்டேன். மத்தியானம் 182. எழுதினேன். அது சரியான நம்பர்தானா என்று நாலு தடவை மெஷினைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்றும் கோகிலாவிடம் சொல்லவில்லை. 164.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மில் வாசலுக்குப் போனேன். இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். கோகிலாவுக்கு இன்று இரண்டாவது ஷிப்ட். என்னைப் பார்த்ததும் பாப்பாவுக்கு என்ன ஆச்சு என்று பதறி ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி, வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போய் லாங் சைஸ் நோட்டைத் திறந்து காட்டினேன். குடோன், தராசு, சிவப்பு, பச்சை, எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டே போனேன். நடுவில் எனக்கே கேட்கப் பிடிக்காமல் நிறுத்தினேன். உண்மையான எடையை நான் மறைத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன்.

கோகிலா 19.6 என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னுதானுங்க அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தனுங்க. நீங்க அட்டையக் காட்டுனீங்க. நான் மில்லுக்குப் போயிட்டேன். அவங்கப்பன் போன்ல கேட்டப்பக்கூட அந்த நம்பரத்தான் படிச்சுக் காட்டுனேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சங்கு ஊதியது. ஷிப்டுக்கு நேரமாச்சுங்க என்று சொல்லிவிட்டு மில் கேட்டுக்குள் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டமாட்டாள் என்பது தெரிந்து, அந்த வசதியில்தான் போனேனோ என்று பஸ்ஸில் வரும்போது என் மேலேயே எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் கோகிலா பள்ளிக்கு வந்தாள். வணக்கம் சொன்னாள், பாப்பாவின் நோட்டைக் கேட்டாள், கொடுத்தேன். அதை மிருதுளாவின் கையில் கொடுத்து, இனிமே நீயே எழுதோணும் என்றாள். என்னைப் பார்க்காமல், டீச்சர் பக்கத்துல இருப்பாங்க என்றும் சொன்னாள்.

வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவாளோ என்று சனி ஞாயிறு முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். இந்த ஊரில் வேறு பள்ளி இல்லை.

சாரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். மூன்று குழந்தைகளின் உண்மையான எடை, மாற்றிப் போட்டது யார், எதற்கு என்று எழுதியிருந்தேன். ஒன்றியத்துக்கு அனுப்பச் சொன்னேன். உங்களுக்கு மெமோ வரும் டீச்சர் என்றார். வரட்டும் என்றேன். பிறகு 58 பேரையும் மறுபடி குடோனுக்கு நடத்திக்கொண்டு போனேன். இந்தத் தடவை நாலு பேருக்குக் குறைந்திருக்கிறது. நாலு வீட்டுக்கும் நேரில் போக வேண்டும். முழங்கால் கெஞ்சுகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பூ கொடுத்தார்கள். மிருதுளாவும் கொடுத்தாள்.

மத்தியானம் அவள் விரலைக் குத்தி மெஷினில் வைத்தாள். 268. பேனாவைத் திறந்தவள் எழுதவில்லை. காலையில் ஆசிரியர் தினக் கூட்டத்தில் யாரோ கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டதாக அப்போதுதான் சொன்னாள். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், 168ன்னு எழுதிக்கட்டுங்களா? இதைப் பாத்தா அம்மா சோறே திங்க மாட்டாங்க. யாருக்கும் தெரியாதுங்க."

எந்த முகத்தோடு நான் இவளுக்குப் பதில் சொல்வது? அப்படித்தான் சாமி நானும் உன் எடையை மாத்தி எழுதினேன், அதனாலதான் நீ ஊசியும் குழாயுமா கிடந்தே என்று சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சொன்னாங்க டீச்சர் என்றாள். பிறகு 268 என்று எழுதினாள்.

மில்லுக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர் கோகிலாவைக் கூப்பிட ஐந்து நிமிடம் ஆனது. இருநூற்று அறுபத்தெட்டு என்று சொன்னேன். கேக் தின்றதையும் சொன்னேன்.

"போனைப் பாப்பாகிட்டக் குடுங்க டீச்சர்" என்றாள் கோகிலா.

கொடுத்தேன். மிருதுளா நோட்டைப் பார்த்து, இருநூத்தி அறுபத்தெட்டும்மா என்று தெளிவாகப் படித்தாள். அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ, ஆமாம்மா, நெசமாத்தான், நானேதான் எழுதினேன் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கோகிலா வைத்துவிட்டிருந்தாள்.